தூசிக்குக் கண்ணை மூடிய யானை

தனியாகப் போய்விடப் போகிறேன் என்று என் கணவர் என்னிடம் சொன்னது முதுமலைக் காட்டுக்குள், ஒரு ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோது. கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். காட்டுக்குள் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்பது நாங்கள் இருவரும் பல வருடங்களாகக் கடைப்பிடித்து வந்த ஒழுங்கு. அதனால் நானும் கிசுகிசுப்பாகவே பதில் சொன்னேன். "சரி" என்றேன்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும், "காட்டுக்குக் கூட்டிட்டுப் போயா இதைச் சொல்லணும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர் அப்படித் திட்டம் போட்டுக்கொண்டு வரவில்லை. பேச்சுவாக்கில் வந்து விழுந்துவிட்டது.

எங்கள் வீடு கோபாலபுரத்தில், ஒரு பழைய பங்களாவை இடித்துக் கட்டிய அடுக்குமாடியின் முதல் தளத்தில். அவருக்கு தி.நகரில் துணிக்கடை. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கிய கடை, இப்போது இவரும் இவருடைய அண்ணனும் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, மோட்டார் பிரிவு. மோதி நசுங்கிய கார்களின் படங்களை நாள் முழுக்கப் பார்த்து, எது உண்மை, எது ஏற்கெனவே இருந்த சொட்டை என்று பிரிப்பதுதான் என் பிழைப்பு.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஏறாத மருத்துவமனை இல்லை என்று ஆன பிறகு ஒரு நாள் ஏறுவதை நிறுத்தினோம். அந்த வருடம்தான் அவர் கேமரா வாங்கினார். முதல் தடவை முதுமலைக்குப் போனபோது சாலையோரம் ஒரு பெண் யானை மூங்கில் ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. அவசர அவசரமாக மாறி மாறி எடுத்தோம். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் முக்கால்வாசி படங்களில் மூங்கில்தான் இருந்தது. மிச்சத்தில் யானையின் பின்பக்கம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு எனக்கும் ஒரு கேமரா வந்தது. பொங்கல் வியாபாரம் முடிந்து கடையில் கூட்டம் வடிந்ததும், அண்ணனிடம் சொல்லிவிட்டு வருடா வருடம் கிளம்பிவிடுவோம். மற்ற நாட்களில் நாங்கள் என்ன பேசினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காட்டில் என்ன பேசினோம் என்பது ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. எந்த யானைக்குக் காது கிழிந்திருக்கிறது, எந்தக் கொம்பனுக்கு வலது தந்தம் குட்டை, போன வருடம் பார்த்த குட்டி இந்த வருடம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, இப்படி.

அந்தக் காலையில் ஒரு குட்டைக்கு எதிரே ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். மழை நின்று வெகு நாள் ஆகியிருந்தது. குட்டையில் தண்ணீர் நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. பாதையில் மாவு மாதிரிப் புழுதி. பின் இருக்கையில் நாங்கள் இரண்டு பேர், முன்னால் ஓட்டுநர். மசினகுடிக்காரர், பல வருடங்களாக எங்களுக்கு அவர்தான் ஜீப் ஓட்டுவார். தலையைத் திருப்பி மெதுவாகக் கேட்டார்:

"மேடம், அடுத்த வருசமும் இதே தைப் பொங்கல் கழிச்சுத்தானுங்களா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா வேற யாருக்கும் ஒத்துக்க மாட்டேன்."

"ஆமாங்க, எழுதி வச்சுக்கோங்க" என்றேன் நான்.

"இல்ல" என்றார் என் கணவர்.

நான் அவரைப் பார்த்தேன். கடையில் ஏதாவது வேலை இருக்கும் என்று நினைத்தேன். "ஏங்க, அண்ணன் பார்த்துக்க மாட்டாரா?"

அவர் குட்டையைப் பார்த்தபடியே, உதடு அசைவது தெரியாமல் பேசினார். "நான் அடையார்ல ஒரு வீடு பார்த்திருக்கேன். எனக்கு மட்டும். ஊருக்குப் போய்ச் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அடுத்த வருசம்னு சொன்னதும் சும்மா இருக்க முடியல."

ஓட்டுநர் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். அந்த மனிதர் இறங்கி எங்கேயாவது போய் நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பார். காட்டுக்குள் இறங்கக் கூடாதே.

"வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. சத்தியமா." கேமராவின் பட்டையை விரலில் சுற்றினார். "கடையைப் பூட்டிட்டு வர்றப்போ, வீட்டுக்குப் பக்கத்துல அந்த சிக்னல் இருக்குல்ல. அங்க நிக்கிறப்போ பச்சை விழுந்துடக் கூடாதுன்னு இருக்கு. தினமும். ரெண்டு வருசமா."

அப்போதுதான் "சரி" என்றேன்.

எனக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு அடைக்கவில்லை, அழுகை வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய உதட்டையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. குட்டையின் எதிர்க்கரையில் ஒரு மயில் தண்ணீர் குடித்தது. அதை எடுத்தால் பின்னணியில் சேறு வரும், வேண்டாம் என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது.

அவர்தான் அழுதார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார், கேமரா மடியில் கிடந்தது.

"வருது" என்றார் ஓட்டுநர்.

உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னாலிருந்து யானைகள் வந்தன. ஏழெட்டு இருக்கும். எல்லாம் பெண் யானைகளும் குட்டிகளும். நாங்கள் எதிர்பார்த்தது எதிர்க்கரையில். அவை வந்தது எங்கள் பக்கத்தில், ஜீப்புக்குப் பின்னாலிருந்து. வழக்கமாக இவ்வளவு கிட்டே வராது. ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிக் குட்டைக்கு இறங்கின. என் கேமராவில் நீளமான லென்ஸ் மாட்டியிருந்தேன். அதில் பார்த்தால் யானையின் தோல் சுருக்கம் மட்டும்தான் தெரிந்தது. அவருடைய கேமராவில் சின்ன லென்ஸ். அவர் மடியிலிருந்து அதை எடுத்தேன். கேட்டு எடுத்தேனா, கேட்காமல் எடுத்தேனா தெரியவில்லை. அவர் திரும்பவில்லை.

கடைசியாக ஒரு குட்டியும் அதற்குப் பின்னால் ஒரு பெரிய பெண் யானையும் வந்தன. குட்டிக்கு ஜீப் மேல் ஆசை வந்துவிட்டது. தும்பிக்கையை நீட்டிக்கொண்டு எங்களை நோக்கி நான்கு எட்டு வைத்தது. பெரிய யானை ஒரு சத்தம் கொடுத்தது. தொண்டையிலிருந்து வந்த சத்தம் இல்லை, வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. ஜீப்பின் இரும்பில் அது அதிர்ந்ததை உள்ளங்காலில் உணர்ந்தேன்.

"அசையாதீங்க" என்றார் ஓட்டுநர். "மிரட்டும். சும்மா மிரட்டத்தான் செய்யும். கையை உள்ள வச்சுக்கோங்க."

காது இரண்டும் விரிந்தன. வால் நிமிர்ந்தது. பிறகு அது ஓடி வந்தது. யானை ஓடி வருவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது மெதுவாக வருகிற மாதிரி இருக்கும். நேரில் அப்படி இல்லை. புதரடியில் இருந்தது, அடுத்த கணம் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஷட்டர் சத்தம் எனக்கே கேட்டது. பயம் வரவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்ன நடந்தாலும் சரி என்ற நினைப்புக்கூட இல்லை. அலுவலகத்தில் ஒரு படத்துக்கு அடுத்த படம் என்று பார்ப்பேனே, அதே மாதிரி வெளிச்சம் சரியா, காது முழுதாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீப்புக்கு இரண்டு ஆள் தூரத்தில் அது காலை ஊன்றி நின்றது. புழுதி பனை உயரத்துக்குக் கிளம்பியது. அந்த நேரத்தில் என் மேல்கையை யாரோ பிடித்துப் பலமாக இழுத்தார்கள். என் கணவர். என்னைத் தன் பக்கம் இழுத்து, என் தலைக்கு மேல் குனிந்து மூடிக்கொண்டார். அவருடைய சட்டையில் இஸ்திரி வாசனை. அப்படியே இருந்தோம்.

ஓட்டுநர் பேசிக்கொண்டிருந்தார், யானையிடம். "போ தாயி. போ. ஒண்ணுமில்ல. உன் குட்டியை யாரும் எடுத்துக்க மாட்டாங்க. போ."

நான் தலையைத் தூக்கியபோது அது குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீருக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் கையை எடுத்தார். "அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். கேமராவை அவர் மடியில் திரும்ப வைத்தேன்.

அன்று மத்தியானமே அறையைக் காலி செய்து கிளம்பினோம். சென்னைக்கு வரும் வழி முழுக்க நாங்கள் சாலையைப் பற்றி மட்டும் பேசினோம். இங்கே திரும்பணுமா, அடுத்த பெட்ரோல் பங்க் எங்கே, டீ குடிக்கலாமா. ஒரு இடத்தில் அவர் எனக்கு இஞ்சி டீ சொல்லி வாங்கி வந்தார், சர்க்கரை குறைவாக, நான் குடிக்கிற மாதிரி. நன்றாக இருந்தது. குடித்தேன்.

அந்த மாதமே அவர் அடையாருக்குப் போய்விட்டார். இரண்டு சூட்கேஸ், ஒரு மேசை விசிறி, அவருடைய கேமரா. மற்றதெல்லாம் உனக்கு என்றார். எனக்கு வேண்டாம் என்று எதைச் சொல்வது?

எங்கள் வீட்டுக்குக் கீழே தரைத்தளத்தில் ஆபா இருக்கிறார். உருதில் ஆபா என்றால் அக்கா. ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவர். அவருடைய குடும்பம் நாலு தலைமுறையாக மெட்ராஸ்தான். வீட்டுக்குள் உருது, வெளியே சென்னைத் தமிழ். முன்னறையில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஊசியால் குத்திக்கொண்டிருப்பார். நான் மாடிப்படி ஏறும்போது தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

"இன்னாமா, யானை படம் காட்டவே இல்ல? எப்பவும் வந்தவொடனே மொதல்ல எனக்குத்தானே காட்டுவே?"

"இன்னும் பார்க்கலை ஆபா."

"சாரையும் காணோம். ஊர்ல கீறாரா இல்லையா?"

"அடையார்ல இருக்கார். இனிமே அங்கதான்."

ஆபா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எதற்கோ காத்திருந்தேன். அவர் அழுதால் நானும் அழுதுவிடுவேனோ என்று பார்த்தேன். அவர் அழவில்லை. "வுள்ள வா, ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். மயில்பச்சை நிறப் பட்டுத் துணியில் அவர் தங்க நூலால் பூ போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ மணப்பெண்ணின் ரவிக்கை. இருட்டும் வரை பார்த்துவிட்டு மேலே போனேன்.

பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அலுவலகத்தில் என் வேலை வேகமாக நடந்தது. முன்பெல்லாம் ஒரு நசுங்கிய காரின் படத்தில் பின் இருக்கையில் குழந்தையின் செருப்பு கிடந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது செருப்பைப் பார்த்தேன், அடுத்த படத்துக்குப் போனேன். மேலாளர் என்னைப் பாராட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூர் போய்க் குளத்தைச் சுற்றிக் காய்கறி வாங்கினேன். இரண்டு பேருக்கு வாங்கிவிட்டு, மறுவாரம் வாடியதை எடுத்துப் போட்டேன். அக்கா பெங்களூரிலிருந்து தொலைபேசியில் அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை ஃபோனைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். "நீ ஏன் இப்படிக் கல்லு மாதிரி இருக்கே, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பயம்கூடச் சரியாக வரவில்லை. தூக்கம் மட்டும் வராது. படுத்துக்கொண்டு விசிறியைப் பார்ப்பேன்.

கேமராவைத் தொடவில்லை. அந்தப் பயணத்தின் படங்களை அவர் ஒரு தகவலோடு எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். 'உன்னோடது என்னோடது எல்லாம் இதுல இருக்கு' என்று. நான் திறக்கவில்லை.

புரட்டாசி மாதம் அவரிடமிருந்து ஒரு அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்னக் கூடத்தில் காட்டு விலங்குப் படங்களின் கண்காட்சி. தொழில்முறைக்காரர்கள் இல்லை, எங்களை மாதிரி விடுமுறைக்குப் போய் எடுப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. அவருடைய படம் ஒன்றும் இருக்கிறது. கீழே எழுதியிருந்தார்: 'வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் பரவாயில்ல.'

போக வேண்டும் என்றும் தோன்றவில்லை, போகக் கூடாது என்றும் தோன்றவில்லை. அலுவலகம் முடிந்து ஆட்டோ பிடித்துப் போனேன்.

கூடத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். புலி, செந்நாய், இருவாச்சி என்று சுவர் முழுக்க. எதிர்ச் சுவரில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக, அந்த யானை.

அப்படி ஒரு படம் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. காது இரண்டும் முறம் மாதிரி விரிந்து சட்டத்தின் ஓரம் வரை நிற்கிறது. தும்பிக்கை உள்பக்கம் சுருண்டிருக்கிறது. முன்னங்கால் ஊன்றிய இடத்திலிருந்து புழுதி எழும்பி முகத்தில் பாதி வரை மூடியிருக்கிறது. காலை வெளிச்சம் அந்தப் புழுதியில் விழுந்து மஞ்சளாக இருக்கிறது. இவ்வளவு கோபத்துக்கும் நடுவே, அதன் கண் மூடியிருக்கிறது. இறுக்கமாக, இமை மயிர் தெரிகிற மாதிரி.

படத்துக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நீலச் சட்டை. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரும் ஒரு வயதான தம்பதியும் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு ஆள் தூரம்தான் இருக்கும். என் கை தன்னால அழுத்துது, மனசு ஒண்ணுமே இல்லாம இருக்கு. அப்போ அவ நின்னா. நின்னு, கண்ணை மூடினா. எனக்கு அந்த நிமிசம் புரிஞ்சு போச்சு, அவ எங்களை மன்னிச்சுட்டான்னு. ஒரு தாயாலதான் அப்படி மன்னிக்க முடியும்."

வயதான அம்மாள் "அடடா" என்றார். ஒரு பெண் படத்தை ஃபோனில் எடுத்தாள்.

எனக்குக் காது சூடாயிற்று. முதலில் அது என்னவென்றே புரியவில்லை. எட்டு மாதமாக எனக்கு அப்படி எதுவும் வந்திருக்கவில்லை.

"தூசிங்க" என்றேன்.

அவர் திரும்பினார்.

"தூசி" என்றேன் மறுபடியும். என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ஓடி வந்து சட்டுன்னு நின்னுது. அது கிளப்பின தூசி அது கண்ணுலயே விழுந்துது. அதனால கண்ணை மூடுச்சு. மன்னிக்கிறதாவது! அதுக்கு எங்களைத் தெரியக்கூடத் தெரியாது."

ஒரு பெண் சிரித்துவிட்டாள். புருஷன் பெண்டாட்டி விளையாட்டுக்குச் சண்டை போடுகிறோம் என்று நினைத்திருப்பாள். அவள் நினைத்ததில் தப்பில்லை.

"அப்புறம் இன்னொண்ணு. இதை எடுத்தது நான்."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் வேலையே அதுதான். இது அந்த முகம் இல்லை.

"வெளில போய்ப் பேசலாமா?" என்றார் மெதுவாக.

வாசலில் மாலை நேர நெரிசல். பேருந்து ஒன்று எங்களுக்கு எதிரே நின்று ஆட்களை இறக்கியது. நடைபாதையில் நின்றுதான் பேசினோம். இங்கே கிசுகிசுக்கத் தேவையில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவே கத்த வேண்டியிருந்தது.

"நான்தான் எடுத்தேன்னு நினைச்சேன். சத்தியமா" என்றார். "என் கேமராவுலதானே இருந்துது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அது வந்தது, நின்னது, எல்லாம்."

"உங்க மடியிலேர்ந்து நான் எடுத்தேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி அழுதுட்டு இருந்தீங்க."

"அப்புறம் திரும்பிட்டேனே. அது ஓடி வர்றதைப் பார்த்தேனே."

"பார்த்தீங்க. எடுக்கல. இதுக்கு அடுத்த படம் எப்படி இருந்துது? ஆடிப் போயிருக்கணும்."

அவர் யோசித்தார். "ஆமா. வெறும் கோடு கோடா இருக்கும். அதோட நின்னுடும்."

"ஏன் ஆடுச்சு?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி விரித்துப் பார்த்தார். ஒரு பேருந்து கிளம்பி, அடுத்த பேருந்து வந்து நின்றது.

"உன் கையைப் பிடிச்சு இழுத்தேன்" என்றார். "இழுத்தது ஞாபகம் இருக்கு. அதுவும் இதுவும் ஒரே நேரம்னு தோணவே இல்ல."

அங்கேயே கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். கடை முதலாளி, இஸ்திரி போட்ட சட்டை, அப்படியெல்லாம் உட்காருகிற ஆள் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். கோபம் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு இருந்தது.

"நீ அன்னைக்கு ஏன் ஒண்ணுமே கேக்கல?" என்றார். "சரின்னு மட்டும் சொன்னே. ரெண்டு வருசமா மனசுக்குள்ள போட்டுப் புழுங்கிச் சொல்றேன், நீ பாட்டுக்கு சரிங்கறே. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"தெரியலைங்க. வேற எதுவும் வரல. வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

"இப்போ?"

"இப்போ அந்த யானையைப் பத்தி நீங்க சொன்னதுக்குக் கோவம் வந்துது."

அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தாய்னு சொன்னது கொஞ்சம் அதிகம்தான்" என்றார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். திரும்பி வந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. அவர் எழுந்து உள்ளே போய், ஏற்பாடு செய்தவரிடம் பேசி, படத்துக்குக் கீழே இருந்த தன் பெயரை எடுக்கச் சொன்னார். அச்சடித்த அட்டை அன்றைக்குக் கிடைக்காது என்றார்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தில் என் பெயரைப் பேனாவால் எழுதி ஒட்டினார்கள். எழுதியது அவர்தான். கடை பில் எழுதுகிற கையெழுத்து.

அந்தப் படத்தின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. ஆபாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தோ பாரு, கண்ல மண்ணு வுழுந்துடுச்சு பாவம்" என்றார்.

தனித்தனியாக இருக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆன பிறகு, விவாகரத்து மனுவில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். நீதிபதி கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று சொன்னோம். சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், ஒரே நேரத்தில் இல்லை என்றோம். வெளியே வந்து ஒரு கடையில் டிபன் சாப்பிட்டோம். அவர் பொங்கலில் இருந்த மிளகை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு அவர் கடைக்குப் போனார், நான் அலுவலகத்துக்குப் போனேன். அன்று அரை நாள்தான் விடுப்பு போட்டிருந்தேன்.

இந்த வருடம் தை மாதம் நான் தனியாக முதுமலைக்குப் போனேன். மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து கார். ஜீப்புக்குச் சொல்லவில்லை. அந்த ஓட்டுநர் என் கணவரைப் பற்றிக் கேட்டாலும் கஷ்டம், கேட்காமல் இருந்தாலும் கஷ்டம். அதனால் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகும் வனத்துறை வேனில் ஒரு சீட்டு வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் மிச்ச இடத்தையெல்லாம் பிடித்திருந்தது. அவர்களுடைய முறுக்கில் எனக்கும் பங்கு கொடுத்தார்கள். கேமராவை மடியில் வைத்திருந்தேன். வேன் கிளம்பி, தேக்கு மரங்களுக்குள் திரும்பி, முதல் புள்ளிமான் கூட்டத்தைப் பார்த்தது வரைதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது வேன் வரவேற்பு மையத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் தலை பக்கத்து சீட்டு அம்மாவின் தோளில் இருந்தது. அவருடைய சேலையில் என் எச்சில் ஈரம்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"பரவால்லீங்க. நல்ல யானைக் கூட்டம் ஒண்ணு வந்துச்சுங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம். எழுப்பலாம்னுதான் பார்த்தேன். அப்படி ஒரு தூக்கம் தூங்கிட்டு இருந்தீங்க, மனசு வரல" என்றார். ஃபோனை எடுத்துக் காட்டினார். தூரத்தில், புல்லுக்கு மேலே சாம்பல் நிறத்தில் சில முதுகுகள்.

"நல்லா வந்திருக்கு" என்றேன். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இறங்கி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே அவர்களோடு டீக்கடை வரை நடந்தேன்.